யுபிஐயின் செலவை யார் சுமப்பது?

டீக்கடையில் பதினைந்து ரூபாய்க்கு டீ குடித்துவிட்டு, கல்லாவுக்கு முன்னால் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறோம். பின் நம்பரைத் தட்டுகிறோம். பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் சவுண்ட் பாக்ஸ், பதினைந்து ரூபாய் வந்துவிட்டது என்று தமிழில் உரக்கச் சொல்கிறது. கடைக்காரர் நம்மை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த டீயை ஆற்றத் தொடங்கிவிடுகிறார். இதற்கு ஆகும் நேரம் சில விநாடிகள். அந்த விநாடிகளுக்குள் நாம் திறந்த செயலி தன் கூட்டாளி வங்கிக்குத் தகவல் அனுப்பியிருக்கிறது. அந்த வங்கி அதை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனத்தின் கணினிக்கு அனுப்ப, அது நம் கணக்கு இருக்கும் வங்கியைத் தேடிப் போயிருக்கிறது. அங்கே பின் நம்பர் சரிதானா, கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துத் தொகையைக் கழித்திருக்கிறார்கள். பிறகு அதே வழியாகக் கடைக்காரரின் வங்கியில் வரவு வைத்து, இரண்டு பக்கமும் செய்தி சொல்லியாகிவிட்டது. குறைந்தது நான்கு இடங்களில் கணினிகள் ஓடியிருக்கின்றன. அவற்றுக்கு மின்சாரம் வேண்டும், காவல் வேண்டும், பழுது பார்க்கவும் புகார் கேட்கவும் ஆட்கள் வேண்டும். இத்தனைக்கும் நாமும் கடைக்காரரும் ஒரு பைசா கொடுப்பதில்லை. சவுண்ட் பாக்ஸுக்கு மட்டும் கடைக்காரர் மாதாமாதம் வாடகை கட்டுகிறார்.

2016 ஏப்ரல் 11 அன்று அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் மும்பையில் யுபிஐயைத் தொடங்கிவைத்தபோது உடன் இருந்தவை 21 வங்கிகள். அதற்கு முன்பே, 2010 முதல், ஐஎம்பிஎஸ் என்ற உடனடிப் பணமாற்று வசதி இருந்தது. அதன் மேல்தான் யுபிஐ கட்டப்பட்டது. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போன பிறகு, கையில் சில்லறை இல்லாத மக்கள் வேறு வழியின்றி கைப்பேசியை எடுத்தார்கள். எடுத்தவர்கள் பிறகு அதைக் கீழே வைக்கவில்லை. 2024-25 நிதியாண்டில் மட்டும் 18,587 கோடி பரிவர்த்தனைகள் நடந்தன. கைமாறிய தொகை 261 லட்சம் கோடி ரூபாய். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை 2,000 கோடியைத் தாண்டியது. சுதந்திர இந்தியா கட்டியெழுப்பிய பொது வசதிகளில் இவ்வளவு வேகமாக இவ்வளவு பேரிடம் போய்ச் சேர்ந்தவை மிகக் குறைவு. பூ விற்பவரிடமும் ஆட்டோ ஓட்டுநரிடமும் அது இருக்கிறது. அந்தச் சாதனையை நான் முழு மனதோடு மதிக்கிறேன். மதிப்பதால்தான் அதன் செலவுக் கணக்கைப் பற்றிக் கவலைப்படுகிறேன்.

யுபிஐ சாதாரண மக்களுக்கும் சிறு கடைகளுக்கும் இலவசமாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படி இருக்க வேண்டுமானால் அதன் செலவை அரசு வெளிப்படையாக, முழுமையாக, முன்கூட்டியே ஏற்க வேண்டும். இன்று அரசு இலவசம் என்று அறிவித்துவிட்டு, செலவில் ஒரு சிறு பங்கை மட்டும் கொடுக்கிறது. மீதியை வங்கிகள் முணுமுணுத்துக்கொண்டே சுமக்கின்றன. கையில் பெரும் பணம் வைத்திருக்கும் இரண்டு நிறுவனங்கள் சந்தோஷமாகச் சுமக்கின்றன. அந்தச் சந்தோஷத்துக்கான விலையை நாம் வேறு விதத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். கார்டு தேய்த்துப் பொருள் வாங்கும்போது, கடைக்காரருக்கு வர வேண்டிய தொகையில் ஒரு சிறு பங்கை வங்கி பிடித்துக்கொள்ளும். எம்டிஆர் என்று வணிக வட்டாரத்தில் சொல்லப்படும் அந்தக் கட்டணம், யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் சட்டப்படி பூஜ்யமானது. செலவு அதனால் பூஜ்யமாகிவிடவில்லை. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விவாத அறிக்கை, கடைகளில் நடக்கும் சராசரி 800 ரூபாய் யுபிஐ பரிவர்த்தனைக்கு, பங்கேற்கும் எல்லோருக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 ரூபாய் செலவாகிறது என்று மதிப்பிட்டது. அந்த அறிக்கை வந்ததும் கட்டணம் வரப்போகிறது என்ற பேச்சு பரவ, யுபிஐ ஒரு பொது நலச் சொத்து, கட்டணம் விதிக்கும் எண்ணமே இல்லை என்று நிதி அமைச்சகம் உடனே மறுத்தது. 2025 ஜூனிலும் அதே மறுப்பு மறுபடியும் வந்தது. அடுத்த சில வாரங்களில், இதற்கான செலவை யாராவது ஒருவர் ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா வெளிப்படையாகவே சொன்னார். இரண்டு பேரும் சொன்னது சரிதான். பொதுச் சொத்து என்பதும் உண்மை, யாராவது செலவு செய்தாக வேண்டும் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பொதுப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்றுதான் பொருள் வரும். அந்த இடத்தில்தான் அரசின் கை சுருங்குகிறது.

கட்டணத்தை ரத்து செய்ததற்கு ஈடாக வங்கிகளுக்கும் செயலிகளுக்கும் ஊக்கத்தொகை கொடுக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. யுபிஐக்காக அதில் 2021-22-இல் 957 கோடியும், 2022-23-இல் 1,802 கோடியும், 2023-24-இல் 3,268 கோடியும் கொடுக்கப்பட்டன. 2024-25-க்கு அது 1,500 கோடியாகக் குறைந்தது. பரிவர்த்தனைகள் நாற்பது விழுக்காடு கூடிய ஆண்டில் தொகை பாதிக்கும் கீழே போனது. நடந்த அத்தனை பரிவர்த்தனைகளுக்கும் இந்தத் தொகையைப் பங்கிட்டால், முந்தைய ஆண்டில் ஒன்றுக்கு 25 பைசா கிடைத்திருக்கும். 2024-25-இல் 8 பைசா. சிறு வணிகர்களிடம் நடக்கும் 2,000 ரூபாய்க்கு உட்பட்ட பரிவர்த்தனைக்கு மட்டும் 0.15 விழுக்காடு என்பது அந்த ஆண்டின் விதி. நம் பதினைந்து ரூபாய் டீக்கு அது இரண்டேகால் பைசா. இந்தத் தொகைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2025 மார்ச் 19-இல், நிதியாண்டு முடியப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது. எவ்வளவு வரும், வருமா வராதா என்று தெரியாமல் ஆண்டு முழுவதும் சர்வருக்குச் செலவு செய்ய எந்த வங்கி முன்வரும்?

இதை ரூபாய் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2024-25-இல் நோட்டு அச்சிட ரிசர்வ் வங்கி செலவிட்டது 6,372 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு 5,101 கோடி. அச்சிட்ட நோட்டை நாடெங்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அழுக்கு நோட்டைத் திரும்ப வாங்கி அழிப்பது எல்லாம் தனி. இந்தச் செலவுக்காக நோட்டைக் கையில் வாங்கும் யாரிடமும் கட்டணம் வசூலிப்பதில்லை. கேட்டால் நாம் சிரிப்போம். நாணயம் புழங்க வழி செய்து தருவது அரசின் கடமை என்பது நம் எல்லோருக்கும் இயல்பாகவே தெரிந்த விஷயம். அதே ரூபாய் காகிதத்தை விட்டுக் கைப்பேசிக்கு மாறியதும் அந்தக் கடமை எப்படிக் குறைந்துபோனது? அதே 2024-25 கணக்குக்கு ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்குக் கொடுத்த உபரி 2,68,590 கோடி ரூபாய். யுபிஐக்குக் கொடுத்த 1,500 கோடி அதில் ஒரு விழுக்காடுகூட இல்லை. பணம் இல்லாததால் கொடுக்கவில்லை என்று சொல்ல வழியே இல்லை.

அரசு விட்ட இடத்தை யார் பிடித்தார்கள் என்பதற்குத் தெருவில் நடக்கும் பேச்சே சாட்சி. கடைக்காரரிடம் "யுபிஐ இருக்கா?" என்று கேட்பவர் குறைவு. "ஜிபே இருக்கா?" என்றுதான் கேட்கிறோம். "ஜிபே பண்ணிடுறேன்" என்பது இன்றைய தமிழில் ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. எல்லோருக்கும் பொதுவாகக் கட்டிய வசதி ஒரு தனியார் நிறுவனத்தின் பெயரில் புழங்குகிறது. யுபிஐ பரிவர்த்தனைகளில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு ஃபோன்பே, கூகுள் பே என்ற இரண்டே செயலிகள் வழியாகப் போகின்றன. ஃபோன்பேயின் பெரும்பான்மைப் பங்கு அமெரிக்காவின் வால்மார்ட்டிடம் இருக்கிறது. கூகுள் பே கூகுளுடையது. அரசுத் தரப்பிலிருந்து 2016 டிசம்பரில் வந்த பீம் செயலியின் பங்கு மிகச் சிறியது. இந்த இரண்டு நிறுவனங்களும் குறுக்கு வழியில் இந்த இடத்தைப் பிடித்தன என்று நான் சொல்லவில்லை. அவற்றின் செயலிகள் நன்றாக வேலை செய்கின்றன. வங்கிகளின் செயலிகள் பல காலம் திறக்கவே அடம்பிடித்தன. ஆனால் நல்ல செயலி செய்ய வங்கிக்கு என்ன ஆதாயம் இருந்தது என்றும் கேட்க வேண்டும். ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் நஷ்டம் என்றால், அதைக் குறைவாக நடத்தத்தான் எந்த வங்கியும் விரும்பும். வருமானமே இல்லாத தொழிலில் பல ஆண்டுகள் பணத்தைக் கொட்டிக் காத்திருக்க முடிந்தவர்கள் மட்டும் நிலைத்தார்கள். பூஜ்யக் கட்டணம் ஏழைகளைக் காப்பாற்றியது, கூடவே போட்டியாளர்களை வடிகட்டியும் விட்டது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். 2020 மார்ச் 5 இரவு நடந்ததை நினைவுகூர்ந்தால் போதும். நெருக்கடியில் இருந்த யெஸ் வங்கியின் செயல்பாடுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. அப்போது ஃபோன்பேயின் கூட்டாளி வங்கி அதுதான். அந்தச் செயலியின் பல யுபிஐ முகவரிகள் முடியும் 'ஒய்பிஎல்' என்ற எழுத்துகள் யெஸ் வங்கியின் பெயரைத்தான் குறிக்கின்றன. மறுநாள் கோடிக்கணக்கானோரின் ஃபோன்பே நின்றது. தங்கள் பணம் யெஸ் வங்கியில் இல்லை, வேறு வங்கியில் பத்திரமாக இருக்கிறது என்றாலும் அவர்களால் அனுப்ப முடியவில்லை. ஏறத்தாழ ஒரு நாளில், வேறு வங்கியைப் பிடித்து அந்த நிறுவனம் மீண்டு வந்தது. அந்த வேகத்தைப் பாராட்ட வேண்டும். ஆனால் அன்றைக்கு இருந்ததைவிட இன்று நாடு யுபிஐயைப் பல மடங்கு நம்பியிருக்கிறது. 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி மீது ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்தபோது, பேடிஎம்மை விட்டுப் போனவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு செயலிகளுக்கே போனார்கள். மூன்றாவது தூண் மெலிந்ததும் பாரம் முழுக்க இரண்டு தூண்கள் மேல் வந்து நின்றது.

ஆபத்து தெரியாமல் இல்லை. எந்தச் செயலியும் மொத்தப் பரிவர்த்தனைகளில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2020 நவம்பரிலேயே என்பிசிஐ விதி போட்டது. ஏற்கெனவே தாண்டியிருந்தவர்களுக்கு 2022 இறுதி வரை அவகாசம் கொடுத்தது. பிறகு அது 2024 இறுதி வரை நீண்டது. அந்தக் கெடு முடியும் நாளில் 2026 டிசம்பர் 31 வரை மறுபடி நீட்டினார்கள். ஏன் ஒவ்வொரு முறையும் தள்ளிப்போகிறது என்பது எளிதில் புரியும். ஏறத்தாழ நாற்பத்தைந்து விழுக்காடு வைத்திருக்கும் செயலியை முப்பதுக்கு இறக்க வேண்டுமென்றால், அதைப் பயன்படுத்தும் மக்களைத்தான் வாசலில் நிறுத்த வேண்டியிருக்கும். அவர்கள் போய்ச் சேர வேறு நல்ல இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தைக் கட்ட யாருக்கும் வருமானம் வைக்காமல், உச்சவரம்பை மட்டும் எழுதி வைப்பது காகிதத்தோடு நின்றுவிடுகிறது. புதிதாகச் சில செயலிகள் வளர்ந்து வருவதைச் சுட்டிக்காட்டிப் போட்டி உயிரோடுதான் இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். வளர்ந்தவற்றுள் முன்னால் நிற்பவை எவை என்று பார்த்தால், நவி ஒரு கடன் தரும் நிறுவனத்தின் செயலி, சூப்பர்.மணி ஃபிளிப்கார்ட்டுடையது. பணம் அனுப்பும் வசதி இவர்களுக்கு வாசல் மட்டும். கல்லா இருப்பது உள்ளே, கடன் விற்கும் அறையில்.

பெரிய செயலிகளுக்கும் இது பொருந்தும். பணம் அனுப்புவதில் வருமானம் இல்லை என்றால் வேறு எதையாவது விற்றாக வேண்டும். காப்பீடு, மியூச்சுவல் ஃபண்டு, தங்கம், தனிநபர் கடன் என்று செயலியின் முகப்பு நிறைந்து கிடக்கிறது. மின்கட்டணம் கட்டத் திறப்பவர், உங்களுக்கு இத்தனை லட்சம் கடன் தயார் என்ற பட்டையைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. யார் எந்தக் கடையில் எத்தனை மணிக்கு எவ்வளவு செலவு செய்கிறார் என்ற தகவல் எவ்வளவு மதிப்புள்ளது என்பதைக் கடன் விற்பவர்கள் நன்றாக அறிவார்கள். மாதக் கடைசியில் கையில் பணமில்லாத ஒருவரிடம் இரண்டு விரல் தட்டலில் கடன் வாங்கலாம் என்று சொல்வது வசதியா, வலையா என்பது அவரவர் நிலையைப் பொறுத்தது. ஆனால் நாட்டின் பணப் பாதையே அந்த விற்பனையின் வருமானத்தில் ஓட வேண்டிய நிலையில் இருப்பது சரியில்லை.

எதிர்வாதங்களில் வலுவானது இது: கட்டணம் என்ற பேச்சை எடுத்தாலே மக்கள் ரொக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ரொக்கம் எங்கேயும் போய்விடவில்லை. 2016 நவம்பரில் 18 லட்சம் கோடியை ஒட்டியிருந்த பணப்புழக்கம் இன்று அதைப்போல் இருமடங்காகியிருக்கிறது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்ததும் கண்முன் இருக்கிறது. யுபிஐ வரவைக் கணக்கிட்டு, ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றீர்கள், ஜிஎஸ்டி எங்கே என்று மாநில வணிகவரித் துறை பேக்கரிகளுக்கும் காய்கறிக் கடைகளுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. சில நாட்களில் பெங்களூரு கடைகளில் க்யூஆர் அட்டைகள் காணாமல் போயின. ரொக்கம் மட்டும் என்ற கையெழுத்துப் பலகைகள் தொங்கின. கடைசியில் மாநில அரசு இறங்கிவந்தது. சிறு வணிகருக்கு இரண்டு விழுக்காடு லாபமும் பெரிது. அதில் யார் கை வைத்தாலும் அவர் விலகுவார். அதனால்தான் சிறு கடைகள்மீது கட்டணம் விழவே கூடாது என்கிறேன். ஆனால் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளும், விமான நிறுவனங்களும், இணைய வணிக நிறுவனங்களும் கிரெடிட் கார்டுக்கு மறுபேச்சில்லாமல் கட்டணம் கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. யுபிஐக்கு அவை ஏன் பூஜ்யம் கட்ட வேண்டும்? பெரிய வணிகர்களிடம் 0.3 விழுக்காடு வாங்கலாம் என்று பணப் பரிவர்த்தனைத் துறை நிறுவனங்களின் கூட்டமைப்பு 2025 மார்ச்சில் பிரதமருக்கு எழுதியது. அது தன் வருமானத்துக்காகக் கேட்டது என்றாலும், கேட்ட இடம் சரியானதுதான்.

பிரேசிலைப் பார்த்தால் இதில் புதுமை ஏதும் இல்லை என்று புரியும். 2020 நவம்பரில் அந்நாட்டு மத்திய வங்கி 'பிக்ஸ்' என்ற உடனடிப் பணமாற்று வசதியைத் தொடங்கியது. தனிநபருக்கு அது இலவசம். நிறுவனங்களிடம் வங்கிகள் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். ஐந்து லட்சத்துக்கு மேல் கணக்கு வைத்திருக்கும் எல்லா வங்கிகளும் கட்டாயம் சேர வேண்டும். வங்கிகள் தங்கள் சொந்தச் செயலிக்குள்ளேயே பிக்ஸை வைத்தன. மக்கள் பிக்ஸ் என்றுதான் சொல்கிறார்கள், எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்வதில்லை. கட்டணம் இருந்தும் அது படுத்துவிடவில்லை. ஆனால் அங்கே அந்த வசதியை நடத்துவது மத்திய வங்கியே. இங்கே என்பிசிஐ, வங்கிகள் சேர்ந்து வைத்திருக்கும் லாப நோக்கற்ற நிறுவனம். இந்த வேறுபாட்டால், அங்கே உள்ளதை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது. பெரியவரிடம் வாங்கி, சிறியவரை விட்டுவிடலாம் என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு எதிர்வாதம் உணர்ச்சியைத் தொடுவது: ஏழை நாட்டின் வரிப்பணத்தை வால்மார்ட்டுக்கும் கூகுளுக்கும் ஏன் கொடுக்க வேண்டும்? கொடுக்க வேண்டியதில்லை. ஊக்கத்தொகையை எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் கொடுப்பதை நிறுத்தி, பங்கு கூடக் கூட விகிதம் குறையும்படி அமைக்கலாம். ஐந்து விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் செயலிக்கு முழு விகிதம்; முப்பதைத் தாண்டிய பகுதிக்கு ஒன்றுமில்லை. பணம் கழிக்கும் வங்கிக்கும் வரவு வைக்கும் வங்கிக்கும் உள்ள பங்கு குறையாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் பாரத்தில் பெரும்பகுதி அவர்கள் கணினிகள்மீதுதான். இப்படிச் செய்தால் உச்சவரம்பு விதி தானாகவே வேலை செய்யத் தொடங்கும். யாரையும் வாசலில் நிறுத்த வேண்டியிராது. சிறிய செயலியை நடத்துபவர் கடன் விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்ற கட்டாயமும் தளரும்.

செலவுக்கு யாரும் பொறுப்பில்லாத வசதியில் குறைகளுக்கும் யாரும் பொறுப்பேற்பதில்லை. பணம் கணக்கில் கழிந்து கடைக்குப் போய்ச் சேராதபோது, செயலியைக் கேட்டால் வங்கியைக் கேளுங்கள் என்பார்கள். வங்கியைக் கேட்டால் செயலியைக் கைகாட்டுவார்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, கடைக்கு அனுப்பிய பணம் இப்படிச் சிக்கினால் ஐந்து நாட்களுக்குள் திரும்ப வந்தாக வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, நாம் கேட்காமலே வரவு வைக்கப்பட வேண்டும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? 2025 மார்ச் 26-இலும் ஏப்ரல் 12-இலும் யுபிஐ நாடு முழுவதும் தடுமாறியது. பிறகு ஆகஸ்ட் முதல், ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் இருப்பைப் பார்க்கக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் வந்தன. பாரம் தாங்காத பாலத்தில் வண்டிகளைக் குறைப்பது போன்ற நடவடிக்கை அது. பாலத்தை அகலப்படுத்தப் பணம் வேண்டும். 2025-26 நிதிநிலை அறிக்கையில் இந்த ஊக்கத் திட்டத்துக்கு எழுதப்பட்ட தொகை 437 கோடி ரூபாய்.

நிதிநிலை அறிக்கை தாக்கலாகும்போது வருமான வரி வரம்பைத் தேடும் கண்களால் இந்த ஒரு வரியையும் தேடிப் பாருங்கள். ஆண்டு தொடங்கும் முன்பே தொகை அறிவிக்கப்பட வேண்டும், அது நோட்டு அச்சிடும் செலவுக்காவது ஈடாக இருக்க வேண்டும், பெரிய வணிகர்கள் தங்கள் பங்கைக் கட்ட வேண்டும் என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். முப்பது விழுக்காட்டு விதிக்கான கெடு 2026 டிசம்பர் 31. அது ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போடப்பட்ட கெடு.